ரிக் வேலைக்கு மூன்று லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

27 ஏப்ரல் 2025 – உசிலம்பட்டியிலிருந்து ஒரு கேள்வி

அக்கா மகன் கோ.புதூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டுக் கப்பலூரில் ஒரு பட்டறையில் இருக்கிறான். மதுரையில் ஒரு ஏஜென்ட் கத்தாரில் கடலுக்குள் எண்ணெய் ரிக்கில் வேலை என்கிறார். மாதம் ஒன்றரை லட்சம், ஒரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு, வீட்டில் இருக்கும் மாதத்துக்கும் சம்பளம், சாப்பாடு தங்கல் இலவசமாம். மூன்று லட்சம் கட்டச் சொல்கிறார். அக்கா நகையை வைக்கத் தயாராக இருக்கிறது. கடலுக்குள் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கண்ணே.

27 ஏப்ரல், இரவு

நகையை வைக்க வேண்டாம் என்று முதலில் அக்காவிடம் சொல்லுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

எனக்கு மேலூர்ப் பக்கம். இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் பாம்பே ஹை எண்ணெய் வயலில் ஒப்பந்தக்காரர்களிடமும் பிறகு வளைகுடாவிலும், கடலுக்குள் நிற்கும் பிளாட்ஃபார்மில் இருந்துவிட்டு, இப்போது ஊரோடு இருக்கிறேன்.

ஏஜென்ட் சொன்னதில் சாப்பாடும் தங்கலும் இலவசம் என்பது உண்மை. நடுக்கடலில் வேறு என்ன செய்ய முடியும், ஓட்டலா இருக்கிறது? ஒரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு என்பதும் உண்டு. 14 நாள் உள்ளே 14 நாள் வெளியே, 28-க்கு 28, இடத்தைப் பொறுத்து வேறு கணக்குகளும் இருக்கின்றன. எல்லாம் மாட்டுவது அந்த வீட்டு மாதத்தில்தான். கம்பெனியின் நிரந்தர ஆளுக்கு அதற்கும் சம்பளம் வரும். நம்மூரிலிருந்து போகிற ஃபிட்டர், வெல்டர், பெயின்டர், சாரக்கட்டு ஆள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள். அவருக்கு நாள் கணக்குதான். கடலில் நிற்கிற நாளுக்குக் காசு, வீட்டில் இருக்கிற நாளுக்கு இல்லை.

ஒரு பேச்சுக்கு நாளுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 நாளில் 84,000. கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த 28 நாள் வீட்டில். ஆக 56 நாளுக்கு 84,000, மாதக் கணக்கில் பார்த்தால் 45,000. ஏஜென்ட் உங்களிடம் 84,000-ஐ மட்டும்தான் சொல்லுவார்.

எனவே எவ்வளவு சம்பளம் என்று கேட்காதீர்கள். கரையில் இருக்கும் நாளுக்கு யார் தருவது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

28 ஏப்ரல்

நேற்று தூக்கக் கலக்கத்தில் பாதியில் விட்டுவிட்டேன். ஏஜென்ட் விஷயம்.

வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவருக்கு 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசின் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணை இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். உரிமம் உள்ளவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். மூன்று லட்சம் என்று ஒருவர் வாயைத் திறக்கும்போதே விஷயம் முடிந்தது.

பையன் பத்தாவது தேறியவன்தானே? பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி (எமிக்ரேஷன் கிளியரன்ஸ்) வேண்டும் என்ற முத்திரை இருக்காது. அப்படிப்பட்டவனுக்குக் கத்தார் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸே தேவையில்லை. ஏஜென்ட் கொடுத்த செலவுச் சீட்டில் 'எமிக்ரேஷன் கிளியரன்ஸ்' என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு தொகையும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், புகார் எழுதும்போது உதவும்.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால், எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

28 ஏப்ரல், மதியம்

விடுபட்டது ஒன்று. பாம்பே பக்கம் போகிறவர்களுக்கு இது. மும்பை ஜூஹு விமானத் தளத்தில் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்கும் நாள் யார் கணக்கு? மேகம் இறங்கினால் சாப்பர் பறக்காது. லாட்ஜில் கிடக்க வேண்டும், நாளுக்குப் பத்துத் தடவை போன் பண்ணிக் கேட்க வேண்டும். நான் இருந்த ஒரு கம்பெனியில் லாட்ஜ் வாடகையைக் கொடுத்துவிட்டு, நாள் கூலியை மட்டும் வெட்டிவிடுவார்கள். இன்னொன்றில் கடைசி டிரிப் பணம் இன்றுவரை வரவில்லை. கேட்டுக் கேட்டு விட்டுவிட்டேன்.

2 மே

'எண்ணெயை வாளியில் அள்ளுவீங்களா' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நக்கல் இருக்கட்டும், பலருக்கு உண்மையிலேயே அப்படித்தான் நினைப்பு.

ரிக் என்பது கிணறு தோண்டுவது. தோண்டி முடித்ததும் வேறு இடத்துக்குப் போய்விடும். பிளாட்ஃபார்ம் என்பது அங்கேயே கால் ஊன்றி நின்று வருடக்கணக்கில் எண்ணெயும் வாயுவும் எடுப்பது. ஃபிட்டருக்குப் பிளாட்ஃபார்மில்தான் அதிக வேலை: பம்ப், கம்ப்ரசர், வால்வு. கிணற்றிலிருந்து வருவது எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றும் கலந்த ஒன்று. பெரிய உருளைத் தொட்டிகளில் அதைப் பிரித்து எண்ணெயையும் வாயுவையும் கடலடிக் குழாயில் கரைக்குத் தள்ளுவார்கள். பாம்பே ஹைக்கு அந்தக் கரை மும்பைக்குப் பக்கத்திலுள்ள உரண். எண்ணெய் கண்ணிலேயே படாது. படுகிறது என்றால் எங்கேயோ கசிவு, மணி அடிக்கும்.

காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை ஒரு ஷிப்ட், மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை இன்னொன்று. ஞாயிறு கிடையாது, தீபாவளி கிடையாது. நாலு பேர் அறையில் இரண்டு பேர் பகல், இரண்டு பேர் இரவு. எதிர் ஷிப்டுக்காரர் ஒருவரை நான் முழித்த நிலையில் பார்த்ததே மஸ்டர் டிரில்லில்தான், அதாவது மணி அடித்து எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டும் ஒத்திகையில். அதுவரை திரைக்குப் பின்னால் ஒரு குறட்டை.

பெர்மிட், அதாவது வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட முடியாது. காலையில் கன்ட்ரோல் ரூம் வாசலில் வரிசை நிற்கும். இந்த வேலைக்குத் தீப்பொறி வருமா, வாயு அளந்தாச்சா, எந்த வால்வை மூடிப் பூட்டியிருக்கிறீர்கள், யார் கையெழுத்து. பத்து நிமிட வேலைக்கு இரண்டு மணி நேரம் காகிதம். நம்ம கப்பலூர்ப் பட்டறையில் வளர்ந்த பையனுக்கு முதல் வாரம் பைத்தியம் பிடித்துவிடும். எனக்கும் எரிச்சல்தான்.

12 மே

இன்று அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்துக்குள் போகாமல் வீட்டில் டிவியில் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கடல் வேலைக்குப் போனால் சித்திரைத் திருவிழாவை மறந்துவிட வேண்டும். லீவு கொடுக்காத கொடுமையெல்லாம் இல்லை. அரபிக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அலை ஏறிவிடும், ஆட்களையும் சாமானையும் வைத்திருக்கும் பார்ஜ் என்ற தட்டை மிதவைக் கப்பல் நிற்காது. அதனால் குழாய் போடுவது, பெயின்ட் அடிப்பது, வெல்டிங், சாரம் எல்லாவற்றையும் மழை முடிந்த பிறகு தொடங்கி மே மாதத்துக்குள் முடிக்கிறார்கள். இதற்கு சீசன் என்றே பெயர். தை ஜல்லிக்கட்டு, சீசன் நடுவில் வரும். சித்திரை, சீசன் முடிகிற அவசரத்தில் வரும். ஒப்பந்த ஆளுக்கு அதுதான் நாள் கூலி ஓடுகிற காலம், எவன் ஊருக்கு வருவான்? அவன் வந்து இறங்கும்போது ஆனி, ஆடி. ஆடியில் கல்யாணம்கூட வைக்க முடியாது, கையில் காசோடு சும்மா உட்கார்ந்திருப்பான். எங்கள் பக்கம் வட்டிக்கு விட்டுக் கெட்டவர்கள் பாதிப் பேர் இப்படித்தான்.

உற்பத்தி வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. எண்ணெய் மழைக்காலத்திலும் வரும், அவர்கள் வருடம் முழுக்க மாறி மாறிப் போவார்கள்.

சீசன் முடிகிற அந்த அவசரம் ஆளைக் கொல்லவும் செய்யும். 2021 மே மாதம் டவ்-தே புயல் வந்தபோது பி-305 என்ற தங்கும் பார்ஜ் பாம்பே ஹை பகுதியில் நின்றது. நங்கூரம் அறுந்து மே 17 அன்று மூழ்கியது. ஏறியிருந்தவர்கள் 261 பேர். கடற்படைக் கப்பல்கள் இரவெல்லாம் தேடி 180-க்கும் மேற்பட்டவர்களை மீட்டன. 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஆட்கள்.

13 மே

'ஆடியில் கல்யாணம் இல்லை, சரி. ஆவணியில் வைத்துவிட்டுப் புரட்டாசியில் கடலுக்குப் போகலாமே' என்று ஒருவர் யோசனை சொல்கிறார். பெண் வீட்டார் சம்மதித்தால் எனக்கென்ன.

25 மே

நீச்சல் தெரியாதவன் போகலாமா என்று கேள்வி. போகலாம். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும். ஆனால் ஹெலிகாப்டர் பயிற்சி ஒன்று முடித்தாக வேண்டும். அதைச் சொல்கிறேன்.

நீச்சல் குளத்தின் மேல் ஒரு பொம்மை ஹெலிகாப்டர் கூடு தொங்கும். பெல்ட் போட்டு உட்கார வைத்துத் தண்ணீரில் இறக்குவார்கள், இறங்கியதும் தலைகீழாகத் திருப்புவார்கள். இஞ்சினும் கியர் பாக்ஸும் ஹெலிகாப்டரின் தலையில் இருப்பதால் கடலில் விழுந்தால் அது கவிழத்தான் செய்யும். ஒரு கை ஜன்னல் விளிம்பில், ஒரு கை பெல்ட் கொக்கியில். கூடு அசைவது நிற்கும்வரை பொறுக்க வேண்டும். ஜன்னலைத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பெல்ட். ஜன்னலைப் பிடித்த கையை விடாமல் அந்தக் கை இருக்கும் திசையிலேயே உடம்பை இழுத்து வெளியே வர வேண்டும்.

என் குழுவில் நன்றாகத் திணறியவர்கள் நீச்சல்காரர்கள். சின்ன வயதிலிருந்து கமலைக் கிணற்றில் குதித்து வளர்ந்தவன் தண்ணீர் மூக்கில் ஏறியதும் முதலில் பெல்ட்டைக் கழற்றிவிடுவான். கழற்றியதும் உடம்பு மிதக்கும், மேல் எது கீழ் எது என்று தெரியாது, இருக்கைக்கு அடியில் போய் ஜன்னலைத் தேடுவான். முங்கு நீச்சல் ஆள் வந்து தூக்குவார். நீச்சலே தெரியாத சிவகங்கைப் பையன் ஒருவன் பயத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்து முதல் ஆளாக வெளியே வந்தான்.

வளைகுடாவில் பல இடங்களில் கேட்பது ஓபிட்டோ என்ற அமைப்பின் கடல் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், நான்கு வருடம் செல்லும். பயிற்சிக்குப் போகாமலே சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் என்ன செய்வது என்று இனி நான் சொல்ல வேண்டாம்.

8 ஜூன்

நம்ம பக்கம் இந்த வேலை இல்லையா என்றால், ராமநாதபுரம் மாவட்டத்தில் தரையிலேயே இயற்கை வாயு எடுக்கிறார்கள். வழுதூர் மின் நிலையம் அதில்தான் ஓடுகிறது. அங்கே வேலை கிடைத்தால் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். பாம்பே ஹை மும்பையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். 1974-இல் சாகர் சம்ராட் என்ற ரிக் தோண்டிக் கண்டுபிடித்து, 1976-இல் உற்பத்தி ஆரம்பித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது என்னைவிட வயதான இரும்பு நிறைய நின்றது. அதனால்தான் பெயின்டருக்கும் வெல்டருக்கும் ஓயாத வேலை. உப்புக் காற்று இரும்பை விடாது.

நடைபாதை எல்லாம் கம்பி வலைத் தளம். காலுக்குக் கீழே கடல் தெரியும். முதல் நாள் நடக்கவே கூசும். ஸ்பேனர் கைநழுவினால் கடலுக்கு, அல்லது கீழ்த்தளத்தில் நிற்பவர் தலைக்கு. ஒவ்வொரு கருவியையும் கயிற்றில் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டுதான் உயரத்தில் வேலை.

சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு: குறை சொல்ல முடியாது, அளவு இல்லை. ஆனால் பாம்பே பக்கம் ரொட்டி, டால், ராஜ்மா. இட்லி என்று ஒன்று வைப்பார்கள், சட்னியின் மேல் போட்டால் சட்னிதான் உடையும். மதுரைக்காரன் நாக்குக்குக் கடைசி கதி தயிரும் ஊறுகாயும்.

6 ஜூலை

மே 2-ஆம் தேதி பெர்மிட் பற்றி எரிச்சலோடு எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், 'எல்லாம் வெள்ளைக்காரன் சம்பிரதாயம்' என்கிறார். அப்படி விட முடியாது. இன்றைய தேதிக்கே சொல்கிறேன்.

1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா பிளாட்ஃபார்ம். இரண்டு பம்ப். ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்டில் கழற்றிச் சோதனைக்கு எடுத்துவிட்டு, குழாய் வாயில் ஒரு மூடியை மட்டும் வைத்திருந்தார்கள். மாலையில் வேலை முடியவில்லை. இரவில் மற்ற பம்ப் நின்றுபோனது. இரவு ஷிப்டுக்காரர்கள் முதல் பம்பை ஓட்டினார்கள். வால்வு கழற்றிய பெர்மிட் அவர்கள் கண்ணில் படவே இல்லை. மூடி வழியாக வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் போனார்கள்.

பம்ப், வால்வு, மூடி. ஒரு ஃபிட்டர் தினமும் தொடுகிற சாமான்கள்தான் மூன்றும். எனக்கு இப்போதும் வரிசையில் நிற்க எரிச்சல்தான் வரும். ஆனால் ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்போது பாதியில் நிற்கிற வேலையை வாயால் சொல்லிவிட்டுப் போகிற ஆளை நான் நம்ப மாட்டேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

இன்னொரு சாமானைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. கிணற்றுத் தலையில் மெல்லிய குழாய் ஒன்று சுற்றி ஓடும், உள்ளே அழுத்தத்தில் காற்று. அந்தக் காற்று இருக்கும்வரைதான் கிணற்றின் வால்வுகள் திறந்திருக்கும். குழாயில் அங்கங்கே சுட்டுவிரல் பருமனில் பித்தளைப் பிளக், அதன் நடுவில் ஈயம் மாதிரி சீக்கிரம் உருகும் உலோகம். தீப்பிடித்தால் உருகும், காற்று வெளியேறும், வால்வு தானே மூடிக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். இதைப் பராமரிப்பதுதான் என் வேலையாக இருந்தது. சோதித்துப் பார்த்தால் கிணறு நிற்கும், கிணறு நின்றால் உற்பத்திப் பிரிவுக்காரர் முகம் சுண்டிப்போகும். 'அடுத்த வாரம் பாரப்பா' என்பார். அடுத்த வாரமும் அதையேதான் சொல்லுவார். பெர்மிட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினால்தான் நடக்கும். காகிதத்தின் அருமை எனக்கு அங்கேதான் புரிந்தது.

27 ஜூலை

இருபது வருடம் ஆகிவிட்டது. 2005 ஜூலை 27, பாம்பே ஹை வடக்கு. உதவிக் கப்பல் ஒன்றில் சமையல்காரருக்குக் கையில் வெட்டு. மழைக்காலம், ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. காயம்பட்டவரைப் பிளாட்ஃபார்முக்கு ஏற்றக் கப்பலை நெருக்கிக் கொண்டுவந்தார்கள். அலையில் கப்பல் மோதி, எண்ணெயும் வாயுவும் மேலேறி வரும் ரைசர் குழாய் உடைந்து தீப்பிடித்தது. சில மணி நேரத்தில் முழுப் பிளாட்ஃபார்மும் கடலுக்குள் போனது. 384 பேரில் 362 பேரை மீட்டார்கள். 22 பேர் மீளவில்லை.

கடலில் பெரிய விபத்து பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் தொடங்குகிறது. அங்கே மருத்துவ உதவியாளர் ஒருவர் இருப்பார், மருந்து இருக்கும். மழைக்காலத்தில் பல் வலியோடு ஏறாதீர்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கப்பலிலிருந்து ஏறுவது எப்படி என்றால், கிரேன் ஒரு வலைக் கூண்டை இறக்கும், பாஸ்கெட் என்போம். பை நடுவில், ஆள் வெளி விளிம்பில் நின்று வலையைக் கையால் கோத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி நிற்க வேண்டும், அலை கப்பலைத் தூக்கும்போது தளம் வந்து அடிக்கும். கப்பல் அலை உச்சியில் இருக்கும்போது கிரேன்காரர் தூக்குவார். நல்ல கிரேன்காரருக்குப் பிளாட்ஃபார்மில் தனி மரியாதை, டீ கேட்காமலே வரும்.

3 ஆகஸ்ட்

உசிலம்பட்டித் தம்பி எழுதியிருக்கிறார். ஏஜென்ட்டிடம் உரிம எண் கேட்டார்களாம், 'மெயின் ஆபீஸ் சென்னையில்' என்றாராம். கரை நாளுக்கு யார் சம்பளம் என்று கேட்டதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாராம். நகை பீரோவில் இருக்கிறது. சந்தோஷம்.

பையனுக்கு ஆசை போகவில்லை என்கிறார். போகட்டும், நான் தடுக்கவில்லை. காசு கொடுத்துப் போக வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. கப்பலூரிலேயே இன்னும் இரண்டு வருடம் பம்ப், வால்வு வேலையில் கை பழகட்டும். பயிற்சியைச் சொந்தப் பேரில் முடிக்கட்டும். மழை முடிகிற சமயம் மும்பை ஒப்பந்தக்காரர்கள் ஆள் எடுப்பார்கள். மதுரை வழியாகப் போகிற நாகர்கோவில்–மும்பை எக்ஸ்பிரஸில் ஏறினால் டிக்கெட் காசோடு முடிந்துவிடும். ஒரு சீசன் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் திரும்பிவிடலாம், கடன் துரத்தாது. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: கரை நாள், காத்திருக்கும் நாள், மாற்று ஆள் வராமல் உள்ளேயே நீட்டித்தால் அந்த நாள், காப்பீடு யார் பேரில்.

என்ன எடுத்துக்கொண்டு போகலாம் என்று பையனே கேட்டிருக்கிறான். துணி குறைவாக எடு, கவரால் என்ற முழு உடம்பு வேலை உடுப்பு அங்கே தருவார்கள். சாப்பருக்கு முன் உன்னையும் பையையும் எடை போடுவார்கள். தீப்பெட்டி, லைட்டரை வாங்கி வைத்துக்கொள்வார்கள். குடி அறவே கிடையாது. போனை அறையை விட்டு வெளியே கொண்டுவரக் கூடாது. ஊறுகாய் எடுத்துக்கொள், கண்ணாடி பாட்டிலில் வேண்டாம். நிறையவே எடுத்துக்கொள், அறைக்காரர்கள் மூன்று பேரும் கேட்பார்கள்.